காக்கப்பட்ட இதயமும் காப்பாரற்ற வாழ்வும்

1982 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆந் திகதி, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக வைத்தியசாலையில் பார்னி கிளார்க் என்னும் 61 வயதுப் பல்வைத்தியரின் நோயுற்ற இதயம் அகற்றப்பட்டு, அதனிடத்தில் ஜார்விக்-7 எனப்பட்ட செயற்கை இதயம் பொருத்தப்பட்டது. நெஞ்சினுள் வைக்கப்பட்ட கருவி சிறியது; அதனை இயக்கிய காற்றழுத்த இயந்திரமோ கட்டிலருகே நின்ற பெரும் பாரம். இரண்டு குழாய்கள் அவரை அவ்வியந்திரத்தோடு பிணைத்திருந்தன. விரும்பினால் இயந்திரத்தைத் தாமே நிறுத்திக்கொள்வதற்கெனத் திறவுகோல் ஒன்றும் அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது என்பர். வலிப்பு, மூக்கிலிருந்து நில்லாத குருதிப்பெருக்கு, கருவியின் வால்வு ஒன்று உடைந்தமையால் மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை, சுவாசக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு எனத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர, 112 நாட்கள் வாழ்ந்து 1983 மார்ச் 23 இல் அவர் இறந்தார். திறவுகோலை அவர் பயன்படுத்தவில்லை.

இந்த 112 நாட்களை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இயந்திரத்தைப் படைத்தோர் வெற்றி என்றனர். அவர்கள் நோக்கில் கருவி நிற்கவில்லை. அறவியலாளர் பலர் தயங்கினர். 1984 நவம்பரில் அதே கருவியைப் பெற்ற வில்லியம் ஷ்ரோடர் 620 நாட்கள் வாழ்ந்தார். ஆனால் அந்நாட்களிற் பெரும்பகுதியை மூளையிற் குருதியடைப்பினால் நலிந்தவராகவே கழித்தார். நாட்களின் எண்ணிக்கை ஐந்து மடங்குக்கு மேற் கூடிற்று. வினா அப்படியே நின்றது. ‘விளைவு’ என்று மருத்துவம் எதைக் கணக்கிடுகின்றது, யாருடைய கணக்கேட்டில், எந்நாள் வரையில் என்பதே அவ்வினா. அதனை யூட்டாவிலும் கெந்தக்கியிலும் வைத்துப் பேசுவது எளிது. சப்பிரகமுவவின் தோட்டங்களில் வைத்துப் பேசும்போது அது வேறு உருக்கொள்கின்றது.

இயந்திரத்தின் வரலாற்றை விரிப்பது இங்கு நோக்கமன்று. எனினும் சில செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. 1953 மே 6 இல் ஜோன் கிபன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முறையாக வெற்றிகரமான சத்திரசிகிச்சையை நடத்தினார். 1960 இல் அல்பேட் ஸ்ராரும் பொறியியலாளரான லோவல் எட்வேட்சும் ஆக்கிய உருண்டை வால்வு மனித இதயத்திற் பொருத்தப்பட்டது. அதனைப் பெற்ற முதலாமவர் சில மணித்தியாலங்களில் இறந்தார், இரண்டாமவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, இறுதியில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். இதயநோயாளி ஒருவர் ஏணியேறும் அளவிற்குத் தேறினார் என்பதைக் காட்டிலும் அச்சத்திரசிகிச்சைக்குச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பின்னர் இதயத்தை அகற்றாமலே அதன் இடது அறைக்குத் துணைநிற்கும் பம்பிகள் வந்தன. 129 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2001 இல் வெளிவந்த ஆய்வொன்றில், பம்பி பெற்றோருள் நூற்றுக்கு 52 பேரும் மருந்து மாத்திரம் பெற்றோருள் 25 பேரும் ஓராண்டின் பின் உயிரோடிருந்தனர்; ஈராண்டு முடிவில் அவ்வெண்கள் 23, 8 எனச் சுருங்கின. இப்போதைய பம்பியைப் பெற்றோருள் ஐந்தாண்டின் பின்னும் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். வளர்ச்சி மறுக்கற்பாலதன்று. ஆயினும் வயிற்றுத்தோலைத் துளைத்து வரும் மின்கம்பியின் வழியே கிருமித்தொற்று, குடலிற் குருதிக்கசிவு, மூளைத்தாக்கு என்பன இன்னும் உடன்வருகின்றன. ஒருவகைப் பம்பி, மூளைத்தாக்கு மிகுதியாலும் நின்றபின் மீண்டும் இயங்க மறுத்தமையாலும் 2021 ஜூனில் விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது. அதனை ஏற்கனவே நெஞ்சில் தாங்கியோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய பம்பி ஒன்றன் விலை ஓர் இலட்சம் அமெரிக்க டொலர் அளவிற் பேசப்படுகின்றது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் வீதம், ஒருநாளும் தவறாது 40 ஆண்டுகள் உழைத்தாலும் அத்தொகை ஒரு கோடியே 62 இலட்சம் ரூபாய். கருவியின் விலையில் ஏறக்குறையப் பாதி. அன்றியும் அது இரவும் பகலும் மின்சாரத்தை வேண்டுவது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஆகவே, லயத்தில் வாழும் ஒருவர்க்குச் செயற்கை இதயம் கிடைக்க வேண்டுமா என்ற வினா, இன்றைய நிலையில், வானத்து மீனுக்கு வலை வீசுவதாகும்.

ஆனால் இயந்திரத்துணை என்பது பம்பி மாத்திரமன்று. சத்திரசிகிச்சை நிபுணரின் உள்ளங்கையில் அடங்கும் உலோக வளையமும் அதனுள் ஆடும் தகடுமான செயற்கை வால்வும் இயந்திரத்துணையே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, கம்பி இல்லை, அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஏழை நாடுகளின் இயந்திர இதயம் எதுவெனின் இதுவே எனலாம். கிளார்க்கின் கட்டிலருகே நின்ற பெரும் பாரம் இங்கும் இல்லாமலில்லை. அது கண்ணுக்குத் தெரியாதபடி பரவிக் கிடக்கின்றது. இக்கட்டுரை அப்பாரத்தைப் பற்றியது.

வால்வு நோயின் வேர் பெரும்பாலும் சிறுபராயத்துத் தொண்டைநோவிலே உள்ளது. ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமி தொண்டையைத் தாக்க, அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றல் தடுமாறித் தன் இதயத்தின் வால்வுகளையே தாக்குகின்றது. வாதக்காய்ச்சல் வந்து போகின்றது. மூட்டு வீக்கம் ஆறுகின்றது. வால்வில் ஏற்பட்ட தழும்பு ஆறுவதில்லை. நெருக்கமான குடியிருப்பே இந்நோயின் இயல்பான வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் மூன்று தலைமுறையினர் உறங்கும் லயத்தில், ஒரு பிள்ளையின் இருமல் எல்லாப் பிள்ளைகளின் இருமலாகும். செல்வநாடுகளில் இந்நோய் பென்சிலின் வருமுன்னரே குறையத் தொடங்கிற்று என்பதும், வீடுகள் விசாலமானதே அதற்கு ஒரு முக்கிய காரணம் என்பதும் மருத்துவ வரலாறு கூறும் பாடம். இலங்கையிலும் அது முன்னைய அளவில் இன்றில்லை. ஆயினும் உலகெங்கும் 3 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாதஇதயநோயோடு வாழ்வதாக 2015 ஆம் ஆண்டிற்கான மதிப்பீடு கூறிற்று. அவர்கள் யார் என்பதற்கு அவர்தம் வீடுகளின் பரப்பளவே விடைதரும்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, தெரணியகலைப் பக்கமாகச் சரியும் மலையொன்றில் றப்பர்ப் பால்வெட்டும் 24 வயதுப் பெண்ணொருத்தியைக் கருதுக. அவள் கற்பனையே, ஆனால் அவளைப் போன்றோர் கற்பனை அல்லர். முதற்பிள்ளை வயிற்றிலிருக்கையில் அவளுக்கு மூச்சிளைப்புக் கண்டது. கருவுற்ற பெண்ணின் குருதியளவு ஏறக்குறைய அரைமடங்கு கூடுகின்றபோது குறுகிய வால்வு தன்னைக் காட்டிக்கொடுப்பது வழக்கம். பிள்ளை எப்படியோ பிறந்தது. பின்னர் கொழும்பில் அவள் நெஞ்செலும்பு பிளக்கப்பட்டு, இதயம் நிறுத்தப்பட்டு, பழுதுற்ற வால்வு நீக்கப்பட்டு, இயந்திர வால்வு வைக்கப்பட்டது. அரசாங்கம் அவளிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. இது சிறிய செய்தியன்று. இலங்கையைக் காட்டிலும் பன்மடங்கு செல்வமுள்ள நாடுகளிற்கூட இவ்வாறான சத்திரசிகிச்சை ஒரு குடும்பத்தை விற்றுவிடுவதுண்டு. 30 நாட்களின் பின்னும் அவள் உயிரோடிருக்கிறாள். மருத்துவப் பதிவேட்டில் அவள் ஒரு வெற்றி.

முப்பத்தோராம் நாள் அவள் லயத்தில் இருக்கிறாள். பிளந்த நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதுவரை பாரந் தூக்கலாகாது என்பது கட்டளை. பால்வாளி பாரம், தண்ணீர்க்குடம் பாரம், இடுப்பிற் பிள்ளையும் பாரம். இவை ஒழிந்த வாழ்வொன்று லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் வகுக்கப்பட்டதில்லை. இவை தற்காலிகத் துன்பங்கள் என்று தள்ளினும், தள்ளவியலாத ஒன்று உண்டு. உலோகத்தின்மேற் குருதி உறையும். உறைந்தால் வால்வு அடைபடும், அல்லது உறைகட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும். அதனைத் தடுக்க வாபரின் என்னும் மாத்திரையை அவள் வாழ்நாள் முழுவதும், ஒருநாளும் விடாது, விழுங்க வேண்டும். அளவு குறைந்தால் உறையும். கூடினால் குருதி நில்லாது பெருகும். இடையிலுள்ள பாதை ஒடுங்கியது. அதில் நடக்கிறாளா என்பதை அடிக்கடி குருதிச் சோதனையால் அறிய வேண்டும். வேறு மாத்திரை இல்லையா எனின், சோதனை வேண்டாத புதிய மருந்துகள் உள. அவற்றுள் ஒன்றை இயந்திர வால்வுக்காரரிடம் பரிசோதித்தபோது உறைதலும் குருதிப்பெருக்கும் இரண்டுமே மிகுந்தமையால் ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. 2013 இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஆகவே 1950 களில் நடைமுறைக்கு வந்த வாபரினே இன்றும் அவள் துணை.

இம்மாத்திரைக்குத் தோட்டத்து வாழ்க்கையோடு தீராப்பகை உண்டு. வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கையிலை முதலிய கீரைகள் மிகுந்த நாட்களில் மருந்தின் வலு குறையும்; கையிற் பணமிருக்கும் வாரத்தில் ஒரு கறியும் இல்லாத வாரத்திற் பறித்த கீரையுமாக உண்பவர்க்கு மருந்தின் அளவு ஒருபோதும் நிலைகொள்ளாது. பால்வெட்டுங் கத்தி கையிற் படுவது அவள் தொழிலின் அன்றாட நிகழ்ச்சி. மழைக்காலத்தில் சப்பிரகமுவவின் புல்லெங்கும் அட்டை. அட்டையின் உமிழ்நீரிலே குருதியை உறையவிடாத பொருளொன்று உண்டென 1884 இல் ஹேக்ராவ்ற் என்பார் கண்டறிந்தார். மாத்திரையாலும் அட்டையாலும் இருமுறை உறைவிழந்த குருதி அவள் காலில் மாலைவரை வழியும். மருத்துவ நூல்களின் சிக்கல் அட்டவணையில் அட்டை இடம்பெறுவதில்லை.

இனி, கிளினிக். பஸ் வரும் வீதிக்கு இறங்க ஒரு நடை, அங்கிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்பு, வரிசை, திரும்புகை. அந்நாளிற் பெரட்டுக்கு நில்லாதவளுக்குச் செக்ரோலிற் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. பாதியில் வந்து நின்றாலும் அரைப்பேரே. மாதத்தில் இத்தனை நாள் வேலைக்கு வந்தாற்றான் என்று கட்டப்பட்ட கொடுப்பனவுகளும் அவ்வொரு நாளோடு நழுவலாம். போக்குவரவுச் செலவைச் சேர்த்துப் பார்ப்பின், இலவச மருத்துவத்தைப் பெறுவதற்கு அவள் ஒவ்வொரு முறையும் இரு நாட்கூலியை இழக்கிறாள். மழைநாளில் றப்பர் வெட்ட முடியாது. ஆகவே வெயிலடிக்கும் நாளை இழப்பது இன்னும் கொடியது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அடுத்த ஆண்டு மேயில் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. பாதை அடைபட்ட அந்நாட்களில் எத்தனை பேர் மாத்திரையின்றி இருந்தனர் என்று கணக்கெடுப்பது எவருடைய வேலையாகவும் இருந்ததில்லை.

இரண்டு சோதனைகள் தவறின. மூன்றாவது மாதத்தில் அவளது வலப்பக்கம் விழுந்தது, பேச்சு நின்றது. யார் பொறுப்பு?

மெய்யியலாளர் இயந்திரத்தை நிறுத்துவது கொலையா, அன்றி இறக்கவிடுவதா என்று நீண்டகாலமாக வாதிட்டு வந்துள்ளனர். கிளார்க்கின் திறவுகோல் அவ்வாதத்திற்கு நல்லதோர் உதாரணம்: கை ஒன்று உண்டு, எண்ணம் ஒன்று உண்டு, நிறுத்தம் ஒன்று உண்டு. செயலுக்கும் செயலின்மைக்கும் இடையே கோடு கிழிப்போரும் அக்கோட்டை அழிப்போரும், பொறுப்பாளி ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதில் உடன்படுகின்றனர். தெரணியகலைப் பெண்ணின் இயந்திரமும் நிறுத்தப்பட்டதே. ஆனால் திறவுகோலைத் திருப்பிய கை எது? சத்திரசிகிச்சை நிபுணர் தம் கடமையைப் பிழையறச் செய்தார். கிளினிக் வைத்தியர் வந்தோரையெல்லாம் பார்த்தார். தோட்டத்து அலுவலர் வேலைக்கு வராதவருக்குப் பேர் போடவில்லை. அவர் விதியை மீறவில்லை. பஸ் நடத்துநர் ஓடாத பஸ்ஸுக்குப் பொறுப்பல்லர். அவளோ பிள்ளைக்குப் பால்மா வாங்க அன்று வேலைக்குப் போனாள். ஒவ்வொருவரும் தத்தம் கடமை எல்லைக்குள் நின்றனர். அவ்வெல்லைகளுக்கிடையே இருந்த வெற்றிடத்தில் அவள் விழுந்தாள். குற்றவாளி இல்லாத இக்குற்றத்தை விளக்கத் தனிமனிதரின் செயல்களையே அலகாகக் கொள்ளும் அறக்கோட்பாடு போதாது.

இவ்விடத்தில் வழக்கமாக எழும் விடை, ‘நோயாளியின் அசட்டை’ என்பதாகும். கட்டளையைப் பின்பற்றாதவர் என்றொரு வகை மருத்துவத்தில் உண்டு. அவ்வகையில் அவளைச் சேர்ப்பது எளிது, நீதியாகாது. செய்ய இயலுவதையே கடமை என்று விதிக்கலாம் என்பது காண்டின் அறவியலோடு சேர்த்து எண்ணப்படும் கொள்கை. இரு நாட்கூலியைத் தவறாது இழக்கவல்லவருக்கே இயலும் ஒன்றை, அதற்கு வகையற்றவர்மேற் கடமையாகச் சுமத்திவிட்டு, தவறியபின் பழிப்பதில் அறிவுக்கும் இடமில்லை, அன்புக்கும் இடமில்லை.

மற்றொரு விடை இதைவிடக் கூர்மையானது, ஆகவே ஆராயத்தக்கது. சூழ்நிலை இதுவெனத் தெரிந்திருக்க, அவளுக்கு இயந்திர வால்வு வைத்ததே பிழை என்பது அவ்விடை. விலங்கின் இழையாற் செய்த வால்வும் உண்டு. அதற்கு வாழ்நாள் முழுதும் வாபரின் வேண்டியதில்லை. ஆனால் அது பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் தேயும். இளவயதினரிடம் இன்னும் விரைந்து தேயும். தேய்ந்தால் மீண்டும் நெஞ்சைப் பிளக்க வேண்டும், இரண்டாம் முறை முதன்முறையிலும் இடர் மிக்கது. இன்னொரு பிள்ளை வேண்டுமென அவள் விரும்பின் சிக்கல் இரட்டிக்கும்: வாபரின் கருவின் முதன்மாதங்களில் சிசுவை ஊனப்படுத்தக்கூடியது, அதனை நிறுத்தி ஊசிமருந்துக்கு மாற்றினால் தாயின் வால்வு அடைபடும் இடர் கூடும். தாய்க்கு நல்லது சேய்க்குத் தீதாய், சேய்க்கு நல்லது தாய்க்குத் தீதாய் நிற்கும் இவ்விடத்தில் ‘சரியான’ வால்வு என்பது மருத்துவ வினா மாத்திரமன்று. எந்த இடரை ஏற்று எவ்வாறு வாழ விரும்புகிறாள் என்பதை அவளே சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டுமாயின் கேட்கப்பட வேண்டும். அதுவும் அவள் மொழியில். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் சிங்களத்தில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதி, தமிழிற் கையொப்பம் பெறும் முறை நாட்டில் அரிதன்று. பக்கத்துக் கட்டில் நோயாளியோ, வார்ட்டைக் கூட்டும் ஊழியரோ மொழிபெயர்ப்பாளராவதுண்டு. ‘கையெழுத்து வச்சாத்தான் ஒப்பரேசன் செய்வாங்களாம்’ என்று அவர் சொல்வதே முழு விளக்கமாகிவிடுகின்றது. வாழ்நாள் மாத்திரையையும் வருங்காலப் பிள்ளையையும் பற்றிய தீர்மானம் அவ்வொரு வாக்கியத்துள் அடங்காது.

சூழ்நிலையைப் பார்த்துச் சிகிச்சையைத் தேர்வதில் வேறோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 1960 களின் தொடக்கத்தில் சியாற்றில் நகரில் சிறுநீரக இயந்திரங்கள் சிலவே இருந்தன; வேண்டியோர் பலர். யாருக்குக் கொடுப்பது எனத் தீர்மானிக்க எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. அது விண்ணப்பதாரரின் வருமானம், கல்வி, தேவாலய ஈடுபாடு, குடும்பநிலை என்பவற்றை எடைபோட்டது. 1962 இல் ‘லைஃப்’ சஞ்சிகை அச்செய்தியை வெளியிட்டபோது பலர் திடுக்கிட்டனர். உயிரின் பெறுமதியைத் தங்கள் வகுப்பின் அளவுகோலால் எழுவர் அளந்தது அம்பலமாயிற்று. 1972 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அச்சிகிச்சையின் செலவைப் பொதுநிதியில் ஏற்றது. ‘தோட்டத்துப் பெண்; கிளினிக்குக்கு ஒழுங்காய் வரமாட்டாள்’ என்று ஒரு வைத்தியர் எண்ணும்போது, அவ்வெழுவரின் நிழல் அவர்மேல் விழுகின்றது. அவர் எண்ணம் கருணையிற் பிறந்ததாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரு வேறுபாடு பேணப்பட வேண்டும். எந்த வழியாற் சிகிச்சை செய்வது என்பதைத் தெரிவதற்குச் சூழ்நிலையைக் கருதலாம். சிகிச்சைக்கு உரியவளா என்பதைத் தெரிவதற்கு அதனைக் கருதலாகாது. அன்றியும், மாற்றத்தக்க சூழ்நிலையை இயற்கை போல ஏற்றுக்கொண்டு அதற்கேற்ற வால்வைத் தேடுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் பாத்திரம் தேடுவதையே ஒக்கும்.

பயன்வாதிகள் இவ்விவாதம் முழுவதையும் வேறு தளத்துக்கு நகர்த்துவர். ஒரு வால்வின் செலவில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பென்சிலின் கொடுக்கலாம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடும் ஓர் ஊசி வாதக்காய்ச்சல் மீண்டும் தாக்காது தடுக்கும். லயங்களை உடைத்து வீடுகள் கட்டினால் ஊசியும் வேண்டியதில்லை. கணக்கு சரியானதே. அல்பேட் ஜோன்சன் என்னும் அறவியலாளர் 1986 இல் இதற்கெதிராக மனித மனத்தின் இயல்பொன்றைச் சுட்டினார்: கண்முன் மூழ்குபவரை எச்செலவாயினும் மீட்க விரைகின்ற மனம், முகமறியாத பலரைக் காக்கும் ஏற்பாட்டுக்கு அவ்வாறு விரைவதில்லை. இதனை ‘மீட்பு விதி’ என்றார் அவர். செயற்கை இதயத்தைப் பற்றிய சிந்தனையிலேயே அவருக்கு இக்கருத்து எழுந்தமை பொருத்தமானதே. தோட்டங்களிலும் இதனைக் காணலாம். பிள்ளை ஒன்றுக்கு இதயத்தில் ஓட்டை என்றால் கோயில் திருவிழாவில் உண்டியல் குலுங்கும். பஸ்ஸில் வைத்தியச் சான்றிதழோடு தந்தை நிற்பார். தம்மிடம் இல்லாதோரும் கொடுப்பர். அதே லயத்தின் தொண்டைநோவுகளுக்கு உண்டியல் இல்லை.

ஆயினும் தடுப்பே சிறந்தது என்ற உண்மையை ஏற்கனவே தழும்பேறிய வால்வோடு நிற்பவளின் முகத்தெதிரே சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. அவளுக்குத் தடுப்பு மறுக்கப்பட்டது பிள்ளைப்பருவத்தில். அதே மறுப்பைக் காரணமாக்கி இப்போது சிகிச்சையையும் மறுப்பது ஒரே கடனை இருமுறை ஏய்ப்பதாகும். பயன்வாதக் கணக்கில் எதிர்காலத்துக்கு நிரல் உண்டு, இறந்தகாலத்துக்கு இல்லை. தோட்ட மக்களைப் பொறுத்தவரை இறந்தகாலமே பெரிய நிரல். தொழிலாளரின் மருத்துவத் தேவைக்குத் தோட்ட உரிமையாளர் பொறுப்பு என 1912 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டங்கள் விதித்தன. அதன் பயனாய் டிஸ்பென்சரிகள் எழுந்தன. அதே ஏற்பாட்டின் நிழலில், நாட்டின் பொதுச் சுகாதார சேவை வளர்ந்தபோது தோட்டம் அதற்கு வெளியே நின்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. நாடற்றவரின் நலனை நாடு கேட்கவில்லை. தோட்டம் கேட்க விரும்பவில்லை. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்று, அதன்பின் தோட்ட வைத்தியசாலைகள் சிறிது சிறிதாக அரசினால் ஏற்கப்பட்ட நீண்ட கதையில், இவ்வொரு பெண்ணுக்குக் கடன்பட்டவர் யார் என்பது ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் மங்கிற்று.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். இந்நான்காங் கூற்றுக்கு வள்ளுவர் ஏனையவற்றோடு சமநிலை அளித்தது கருத்தூன்றத்தக்கது. இலங்கையின் இதயச் சத்திரசிகிச்சை முதல் மூன்று கூறுகளில் வியக்கத்தக்க அளவு முன்னேறியுள்ளது. 2017 ஜூலையில் கண்டிப் போதனா வைத்தியசாலையில் நாட்டின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சையே நடைபெற்றது. நான்காங் கூறோ குடும்பத்தின் அன்புக்கு விடப்பட்டுள்ளது. அன்பு குறைவென்று யாரும் சொல்லார். ஆனால் அன்பினாற் குருதியின் உறைநேரத்தை அளக்க முடியாது, அன்பிற்குச் செக்ரோலிற் பேரும் விழாது. பேணுபவன் என்ற சொல்லை இக்காலத்தில் ஒரு தனியாளாக அன்றி ஓர் ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. இறக்குமதி வால்வின் விலை இந்திய ஏழைக்கு எட்டாதது கண்டு, டொக்டர் வலியத்தானின் தலைமையில் அங்குள்ளோர் உள்நாட்டிலேயே வால்வொன்றை ஆக்க முற்பட்டனர். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது வென்று, 1990 டிசெம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் பல்லாயிரம் பேருக்கு. வால்வின் விலையை அவர்கள் வென்றனர். வாபரினை அவர்களாலும் வெல்ல முடியவில்லை. மலிந்த வால்வும் அதே மாத்திரையை, அதே சோதனையை, அதே நாளிழப்பை வேண்டிற்று. பொருளை மலிவாக்குவது பொறியியலாளருக்கு இயலும். பேணுதலை எட்டச்செய்வது அவர் துறைக்கு அப்பாற்பட்டது.

இயலாத ஒன்றை இங்கு யாரும் கேட்கவில்லை. விரல்நுனியிற் குத்தி, ஒரு துளிக் குருதியில் உறைநிலையை ஓரிரு நிமிடங்களிற் காட்டும் கைக்கருவிகள் உலகிற் பல ஆண்டுகளாக உள்ளன. ஜேர்மனி போன்ற நாடுகளில் நோயாளர் தம் வீட்டிலிருந்தே சோதித்துக்கொள்கின்றனர். அத்தகைய கருவியொன்று தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பின், பெரட்டுக்குப் போகும் வழியில் அவள் விரலை நீட்டிவிட்டுப் போகலாம். மாத்திரை மாற்றத்தைத் தொலைபேசியில் கிளினிக் வைத்தியர் சொல்லலாம். கிளினிக் கொப்பியில் அது தமிழில் எழுதப்படலாம். கொழும்புக்குப் போகவேண்டிய நாளுக்குத் தோட்டம் முழுப்பேர் போடலாம். அதனால் ஒரு கம்பனியும் வீழ்ந்துவிடாது. கருவிக்குரிய சோதனைத்தாளின் செலவை யார் ஏற்பது, அரசா கம்பனியா தொழிற்சங்க நிதியா என்பதில் வாதம் எழும். எழட்டும், அவ்வாதமேனும் பொறுப்பாளி யார் என்று பெயர் சொல்லித் தேடுவதாக இருக்கும்.

அவளுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. பேச்சு சிறிது திரும்பியபின் அவள் முதலிற் கேட்கக்கூடியது, அம்மாதம் தனக்கு எத்தனை பேர் விழுந்தது என்பதாகவே இருக்கும்.